உன் தீவுக்குக் கப்பலில் வந்த இரவு

அன்புள்ள மகனுக்கு,

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "நிக்காஹுக்கு நீங்களும் அம்மாவும் அக்காவும் பிளைட்லயே வந்துருங்கத்தா. ஒன்றரை மணி நேரந்தான். டிக்கெட் போட்டுடறேன்" என்றாய். நான் "பாக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். எனக்கு வயசாகிவிட்டது, முழங்கால் வலிக்கிறது, இரவெல்லாம் கப்பலில் கிடந்து வருவது கஷ்டம் என்று நீ நினைத்துச் சொல்கிறாய். உன் பிரியம் புரிகிறது. ஆனால் நாங்கள் கப்பலில்தான் வரப்போகிறோம், போன தடவை வந்த அதே பங்க் கிளாஸில். ஏன் என்று போனில் சொல்ல எனக்கு வராது. நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். ஆர்.சி. புக்கிலும் டிரிப் ஷீட்டிலும் கையெழுத்துப் போட்டதைத் தவிர நீளமாக எதுவும் எழுதியதில்லை. இந்தக் கடிதத்தை நாலு நாளாக, கூடலூர் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். உன் அம்மா அவ்வப்போது வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அதையும் எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

உன் அத்தாவைப் பற்றி உனக்குத் தெரியும். இருபத்தெட்டு வருசம் டிரிப் ஜீப் ஓட்டினேன். விடிவதற்கு முன்னால் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு, லோயர் கேம்ப் தாண்டி, குமுளி மலை ஏறி, எஸ்டேட் எஸ்டேட்டாக இறக்கிவிட்டு வருவேன். முதல் ஜீப்பாகப் போனால் செக்போஸ்ட்டில் வரிசை இருக்காது, இரண்டாவது டிரிப் அடிக்கலாம். அதனால் எல்லாருக்கும் முன்னால் போக வேண்டும் என்பதே என் புத்தியாகிப்போனது. வளைவில் என் ஹாரன் கேட்டால் மற்ற டிரைவர்கள் ஒதுங்கி வழி விடுவார்கள். அதை நான் மரியாதை என்று நினைத்திருந்தேன். வீட்டிலும் அப்படித்தான் இருந்தேன். நின்றுகொண்டே டீ குடிப்பேன், சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சாப்பிடுவேன். நீயும் அக்காவும் ஏதாவது சொல்ல வந்தால் பாதியிலேயே "சரி சரி, விசயத்துக்கு வா" என்பேன். நீங்கள் விசயத்துக்கு வருவதற்குள் நான் வாசலுக்குப் போயிருப்பேன்.

நீ சோலார் கம்பெனி காண்டிராக்டில் லட்சத்தீவுக்குப் போனபோது, ஒரு வருசம் என்றுதான் சொன்னாய். அது மூன்றானது. போன தை மாதம் ஒரு மத்தியானம் போன் பண்ணி, பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிற சுலைகாவைப் பற்றிச் சொன்னாய். கட்டிக்கொள்ள வேண்டும் என்றாய். அவளுடைய உம்மா உடம்பு முடியாதவர், அவள் ஒரே மகள், அதனால் கல்யாணத்துக்குப் பிறகு நீ அவள் வீட்டில் போய் இருக்கப்போகிறாய், அந்தத் தீவில் அதுதான் வழக்கம் என்றாய். பொண்ணு முஸ்லிம், படித்தவள், குடும்பம் நல்ல குடும்பம், எல்லாம் சொன்னாய். என் காதில் ஒன்றுதான் விழுந்தது. என் மகன் பொண்டாட்டி வீட்டோடு போகிறான். கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் நம் சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்று ஒரு நிமிசத்தில் முழுப் படமும் ஓடிவிட்டது. நீ பேசி முடிப்பதற்குள் முடிவெடுத்துவிட்டேன். போவது, உன்னைக் கையோடு கூட்டிக்கொண்டு வருவது.

பிளைட்டில் போய்விட்டு மூன்றாம் நாள் திரும்பிவிடலாம் என்றுதான் முதலில் பார்த்தேன். தீவுக்குள் போக வாங்க வேண்டிய பெர்மிட் கிடைத்த தேதிக்குப் பிளைட்டில் இடம் இல்லை. கப்பலில்தான் இருந்தது. அந்தப் பெர்மிட்டில் எங்களை அழைப்பவர் என்ற இடத்தில் சுலைகாவின் வாப்பா பெயர் இருந்தது. எந்த மனுசர் வீட்டுக் கல்யாணத்தை நிறுத்தப் போகிறேனோ, அவர்தான் எனக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டிருந்தார். அதைப் படித்தபோதும் எனக்கு உறைக்கவில்லை. குமுளியிலிருந்து கோட்டயம் வழியாக எர்ணாகுளம் பஸ்ஸில் போகும்போது, உன்னிடம் சொல்ல வேண்டியதை மூன்று வாக்கியமாக மனதுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன். பையை எடு. கப்பல் திரும்புறதுக்குள்ள கிளம்பு. மத்ததை ஊர்ல வச்சுப் பேசிக்கலாம். டிரைவர் வளைவில் மெதுவாகத் திருப்பும்போதெல்லாம் என் கால் இல்லாத ஆக்ஸிலேட்டரை மிதித்தது. உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டாள்.

கப்பல் மத்தியானம் கிளம்பியது. எத்தனையோ வண்டி கிளம்பிப் பார்த்திருக்கிறேன். கிளம்பியதே தெரியாமல் கிளம்பிய வண்டி அது ஒன்றுதான். கரைதான் நகர்வது போலிருந்தது. சீன வலைகள், சர்ச்சு, கொச்சிக் கோட்டையில் ஐஸ் வாங்கித் தின்கிற ஜனங்கள் எல்லாரும் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். துறைமுக வாயில் கிட்ட வந்ததும் இரண்டு டால்பின்கள் முதுகைக் காட்டிவிட்டு முங்கின. ஏர்வாடிக்குப் போனபோது கடலை ஓரமாக நின்று பார்த்ததோடு சரி, உன் அம்மாவுக்கு. கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "இம்புட்டுப் பெரிசாவா இருக்கும்" என்றாள். நான் ஒரு கப்பல் ஊழியரைப் பிடித்து எத்தனை மணிக்குப் போய்ச் சேரும், வேகம் எவ்வளவு என்று கேட்டேன். அவர் சொன்னதை மனசுக்குள் கணக்குப் போட்டால், நம்ம ஊரில் சுறுசுறுப்பான ஆள் சைக்கிள் மிதிக்கிற வேகம். பதினெட்டு மணி நேரம் ஆகும் என்றார்.

ஒரு மணி நேரத்தில் கரை மறைந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் போனில் சிக்னல் போனது. கப்பலில் இருந்த பாதிப் பேர் அதற்காகவே காத்திருந்த மாதிரி போனைப் பைக்குள் போட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தார்கள். நான் ரொம்ப நேரம் போனை மேலே தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் நானும் பைக்குள் போட்டேன். செய்வதற்கு எதுவுமே இல்லாமல் நான் உட்கார்ந்தது, எனக்கு நினைவு தெரிந்து, அன்றைக்குத்தான்.

கீழ்த் தட்டில் பங்க் கிளாஸ் என்பது பெரிய கூடம், ரயில் பெர்த் மாதிரி மேலும் கீழுமாகப் படுக்கைகள். தீவுக்காரர்கள் கொச்சியில் வாங்கியதையெல்லாம் ஏற்றியிருந்தார்கள். காய்கறி மூட்டை, மிக்சி, ஒரு கூடை கோழிக்குஞ்சு, ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரே கவர்கள். உன் அம்மாவின் பக்கத்துப் பெர்த்துக்காரப் பெண்கள் அரை மணி நேரத்தில் அவளுடைய பையிலிருந்த அதிரசத்தைத் தின்றுவிட்டு, அவர்கள் ஊர் மாசிக் கருவாட்டு ஊறுகாயை இவள் வாயில் போட்டுவிட்டார்கள். இவளுக்குத் தெரிந்த மலையாளம் பத்து வார்த்தை. அதை வைத்துக்கொண்டு ஒரு பிரசவக் கதையை முழுசாகக் கேட்டுவிட்டு வந்து எனக்குச் சொன்னாள். கேன்டீனில் டோக்கன் வாங்கி மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டோம். தட்டு லேசாக ஒரு பக்கம் நகரும், அப்புறம் தானாகவே திரும்பி வரும். அதற்குத் தகுந்த மாதிரி கையை நகர்த்திச் சாப்பிட வேண்டியிருந்தது. நானும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை வருசமாயிற்று என்று யோசித்தேன். அப்படி ஒரு நாள் நினைவுக்கே வரவில்லை.

அந்தி நேர மஃரிப் தொழுகைக்கு மேல் தட்டில் பாய் விரித்தார்கள். கிப்லா எந்தப் பக்கம் என்று நான் கேட்டேன். பக்கத்திலிருந்தவர் கப்பலின் மூக்கைக் காட்டினார். மேற்கே போகிற கப்பல், கொஞ்சம் வலது பக்கமாகத் திரும்பி நின்றால் போதும் என்றார். நாங்கள் தொழுகிற திசையிலேயே கப்பலும் போய்க்கொண்டிருந்தது. ஸலாம் கொடுத்து முடித்ததும் வழக்கம்போல நான் எழுந்து ஓடவில்லை. ஓடுவதற்கு எங்கே இடம் இருக்கிறது. அந்தப் பாயிலேயே உட்கார்ந்திருந்தேன். காற்று உடம்பெல்லாம் உப்பாக ஒட்டியது. மலைக்காற்று முகத்தில் அறையும் தம்பி, இந்தக் காற்று சும்மா கூடவே வரும்.

கிப்லா காட்டியவர் பெயர் கோயா. அறுபது வயதிருக்கும், படகு ரிப்பேர் செய்கிறவர். மகளுக்கு ஒரு தையல் மெசின் வாங்கிக்கொண்டு போகிறார். அதைக் கீழே வைக்க மனசில்லாமல் பக்கத்திலேயே வைத்து, அதன்மேல் ஒரு கையைப் போட்டபடி உட்கார்ந்திருந்தார். எனக்குத்தான் மலையாளம் தண்ணீர் பட்ட பாடாயிற்றே, பேச்சுக் கொடுத்தேன். தெரியாத மாதிரி, "உங்க தீவுல மாப்பிள்ளை பொண்ணு வீட்டுலதான் இருப்பானாமே" என்றேன். என் குரலில் இருந்த குத்தல் அவருக்குப் புரிந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"நானும் முப்பத்து மூணு வருசமா பொண்டாட்டி வீட்டுலதான் இருக்கேன். எங்க சகோதரி வீட்டுல நான் அண்ணன். இந்த வீட்டுல விருந்தாளி. முப்பத்து மூணு வருசமா எனக்கு நல்ல துண்டு மீன்தான் தட்டுல விழுது."

"சண்டை வந்தா?"

"சண்டை வந்தா நாந்தான் வெளியே போகணும். அது அவ வீடு. கடற்கரையில கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு, கோபம் போனதும் வருவேன்."

"இதுல மரியாதை எங்கன இருக்கு?" என்று கேட்டேன்.

"அது எனக்குத் தெரியல. ஆனா எங்க தீவுல எந்தப் பொண்ணும் கல்யாணத்தன்னைக்கு அழுதுகிட்டு வீட்டை விட்டுப் போறதில்லை. என் மக நாளைக்கு இந்த மெசின அவ பிறந்த ரூம்லயே போட்டுத் தைப்பா" என்றார். அப்புறம் டீ வாங்க எழுந்து போனார். எனக்கும் சேர்த்து ஒன்று வாங்கி வந்தார்.

உன் அம்மா கொஞ்சம் தள்ளி, கயிறு கட்டும் இரும்பு முளைமேல் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். கோயா தூங்கப் போன பிறகு என்னைத் தன் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தாள். பிறகு, "நம்ம பாத்திமா அழுதுகிட்டுத்தான போனா" என்றாள்.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாது. தெரிய வேண்டும். அக்காவின் அனுமதியைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். உன் அக்காவின் கல்யாணம் அவசரமாக நடந்தது உனக்கு நினைவிருக்கும். நீ அப்போது ஒன்பதாவது. அவள் தேனியில் ஹாஸ்டலில் தங்கி டிகிரி இரண்டாம் வருசம். ஒருநாள் மத்தியானம் தெரிந்த ஒருத்தர் போன் பண்ணி, "உங்க பொண்ணு தேனி பஸ் ஸ்டாண்டுல ஒரு பையன்கூட நின்னு பேசிக்கிட்டு இருந்துச்சு, கைல ஏதோ வாங்குச்சு" என்றார். நான் அப்போது கம்பத்தில் டயர் மாற்றிக்கொண்டிருந்தேன். மாற்றிய டயரின் போல்ட்டைச் சரியாக முறுக்கினேனா என்றுகூடத் தெரியாது. அன்றைக்கு நான் தேனி போய்ச் சேர்ந்த வேகத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. காலேஜ் கேட்டில் அவளை வரச்சொல்லி, ஜீப்பில் ஏறு என்றேன். "அத்தா, ஒரு நிமிசம் நான் சொல்றத" என்று ஆரம்பித்தாள். "வாயத் தொறக்காத" என்றேன். இருபத்திரண்டாவது நாள் போடியில் நிக்காஹ். மாப்பிள்ளை நல்ல மனுசர்தான், கடை வைத்திருக்கிறார், இரண்டு பிள்ளைகள். பெரிய குறை எதுவும் இல்லை. பதினோரு வருசமாக நான் அதைத்தான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு தகப்பன் சமயத்தில் வேகமாக முடிவெடுத்ததால் பெண் காப்பாற்றப்பட்டாள் என்று.

கப்பல் தட்டில் உன் அம்மா சொன்னாள்: "அந்தப் பையன் யாரு தெரியுமா உங்களுக்கு? ரூம்ல கூடத் தங்கியிருந்த பிள்ளையோட அண்ணன். தங்கச்சிக்கு நாலு நாளாக் காய்ச்சல்னு மாத்திரை வாங்கிக்கிட்டு ஊர்ல இருந்து வந்திருக்கான். அந்தப் பிள்ளையால எந்திரிச்சு வர முடியல. பாத்திமா போயி வாங்கியிருக்கா. அம்புட்டுத்தான். சாயங்காலம் குடுக்கணும்னு பையில வச்சிருந்த மாத்திரை, அவளோடயே நம்ம வீட்டுக்கு வந்துருச்சு. அந்தப் பிள்ளைக்கு மாத்திரை போய்ச் சேரலயேன்னுதான் மொத ரெண்டு நாளும் அழுதா."

"உனக்கு எப்ப தெரியும்?" என்றேன்.

"நிக்காஹுக்கு முந்துன ராத்திரி சொன்னா."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமே இல்லை அந்த முகத்தில். "நீங்க எப்ப உக்காந்தீக, நான் சொல்றதுக்கு?" என்றாள். "அன்னைக்கும் பந்தல்காரன், சமையக்காரன்னு ஓடிக்கிட்டே இருந்தீக. ரெண்டு தடவ பக்கத்துல வந்தேன். என்ன என்னன்னு கேட்டுக்கிட்டே செருப்ப மாட்டுனீக. அப்புறம் நிக்காஹ் முடிஞ்சிருச்சு. இனிச் சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு நானும் விட்டுட்டேன். நானும் சேந்துதான் தப்புப் பண்ணியிருக்கேன். ஆனா இப்ப தம்பி விசயத்துலயும் நீங்க அதே மாதிரி கெளம்பி வாரீக. இங்கனயாவது நீங்க எந்திரிச்சுப் போக முடியாது. அதான் சொல்றேன்."

உண்மைதான் தம்பி. ஊரில் இதைக் கேட்டிருந்தால் நான் சாவியை எடுத்திருப்பேன். ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு கோம்பைப் பக்கமோ வருசநாட்டுப் பக்கமோ எங்கேயாவது போய், ராத்திரி திரும்பி வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி சோறு போடச் சொல்லியிருப்பேன். கப்பலில் எனக்குப் போக இடமில்லை. தட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அதே இரும்பு முளைக்குத்தான் வந்தேன், அதன்மேல் உன் அம்மா உட்கார்ந்திருந்தாள். கடைசியில் நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவள் பார்க்க நான் அழுதது அதுதான் முதல் தடவை. யாரோ ஒரு பையன் படுக்கப் பாய் எடுத்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனான், திரும்பிப் பார்க்கவில்லை. கப்பலில் எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள். இடித்துக்கொண்டு உட்கார்ந்தாலும் அடுத்தவனை அவன் பாட்டுக்கு விட்டுவிடுகிறார்கள்.

அன்றிரவு நாங்கள் கீழே போகவில்லை. அவளுடைய சேலை ஒன்றை விரித்து மேல் தட்டிலேயே படுத்தோம். இஞ்சின் சத்தம் முதுகுக்குக் கீழே சீராகத் துடித்துக்கொண்டே இருந்தது. இருபத்தெட்டு வருசம் இஞ்சினோடு வாழ்ந்தவன், ஒரு இஞ்சின் தூங்க வைக்கும் என்று எனக்குத் தெரியாது. உன் அம்மா விட்டு விட்டுப் பேசிக்கொண்டே இருந்தாள். கல்யாணமான புதிதில் கம்பத்தில் அவள் பார்க்க ஆசைப்பட்ட ஒரு சினிமா, நீ கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்கு வந்த பயங்கள், என் கூடப்பிறந்த தம்பி செத்தபோது நான் அழாமல் இருந்தது அவளை எவ்வளவு கலங்கடித்தது என்று. எதற்கும் அவசரமில்லை. ஒரு பேச்சை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் கழித்துத் தொடர்ந்தாலும் கப்பல் போய்க்கொண்டே இருந்தது. இடையில் அவள் சொன்ன ஏதோ ஒன்றுக்கு நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அத்தனை அழுத பிறகு சிரிப்பும் வரும் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

விடியும்போது கடல் வெள்ளித்தட்டு மாதிரி அசையாமல் கிடந்தது. பறக்கிற மீன் கூட்டம் ஒன்று தண்ணீரிலிருந்து எழும்பி, கொஞ்ச தூரம் பறந்து, மறுபடி விழுந்தது. உன் அம்மா சின்னப்பிள்ளை மாதிரி என் சட்டையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். பிறகு தூரத்தில் ஒரு பச்சைக்கோடு தெரிந்தது. கிட்டப் போகப் போக அது தென்னையானது. அதற்கு முன்னால் தண்ணீர், நம்ம ஊரில் எந்தத் துணிக்கடையிலும் நான் பார்க்காத ஒரு நீலத்தில் இருந்தது. இவ்வளவு மெதுவாக ஒரு ஊர் வந்து சேர்வதை நான் பார்த்ததே இல்லை. நான் போன ஊரெல்லாம் வளைவு திரும்பினால் பட்டென்று முன்னால் நிற்கும். உன் தீவு எனக்குத் தயாராக இரண்டு மணி நேரம் கொடுத்தது.

கப்பல் வெளியிலேயே நின்றது. பக்கவாட்டுக் கதவைத் திறந்து சின்னப் படகில் இறங்கச் சொன்னார்கள். படகு அலையில் ஏறி ஏறி இறங்கியது. ஏறும்போது காலை வை என்றார்கள். உன் அம்மா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு முதலில் இறங்கிவிட்டாள். நான் இரண்டு அலையை விட்டுவிட்டு மூன்றாவதில் இறங்கினேன். படகுத்துறையில் நீ நின்றிருந்தாய். உன் முகத்தில் பயம் இருந்தது தம்பி. என்னைப் பார்த்ததும் பயப்படுகிற முகம். காலேஜ் கேட்டில் உன் அக்காவுக்கும் அதே முகம்தான். பஸ்ஸில் நான் அடுக்கி வைத்த மூன்று வாக்கியத்தில் ஒன்றும் வாயில் வரவில்லை. உன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நடந்தேன். நீ அதற்கும் பயந்தாய், எனக்குத் தெரியும்.

சுலைகாவின் வீட்டில் நான் உட்கார்ந்து, அவளைக் கேட்டது நினைவிருக்கிறதா? "நீ என்னம்மா நினைக்கிற? எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல, சொல்லு" என்றேன். நீ என்னைப் பேயைப் பார்க்கிற மாதிரி பார்த்தாய். அவள் மலையாளத்தில் நிதானமாகச் சொன்னாள். "உங்க மகனை உங்ககிட்ட இருந்து பிரிக்கணும்னு எனக்கு ஆசை இல்ல. ஆனா எங்க உம்மாவை விட்டுட்டு நான் வர மாட்டேன். இது ரெண்டுக்கும் நடுவுல என்ன வழின்னு எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க." இவ்வளவு நேர்மையாக ஒரு பிள்ளை என்னிடம் பேசியதில்லை. பேச நான் விட்டதுமில்லை. எனக்கும் வழி தெரியவில்லை என்றுதான் சொன்னேன். அடுத்த கப்பல் வரும் வரை இருந்த ஐந்து நாளில் அந்த வழியை நாம் எல்லாரும் உட்கார்ந்து பேசிப் பேசிக் கண்டுபிடித்தோம். வருசத்துக்கு இரண்டு மாசம், உம்மாவை வாப்பா பார்த்துக்கொள்ள, நீங்கள் அங்கிருந்து வருவது, மழைக்காலம் முடிந்ததும் நாங்கள் இங்கிருந்து வருவது. அதை உடனே முடிவு செய்திருந்தால் நான் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

நான் பிளைட்டில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார். காலையில் கொச்சியில் ஏறிய கோபம் ஆறாமல் மத்தியானம் உன் முன்னால் வந்து நின்றிருக்கும். நீ பையை எடுத்திருப்பாய், அல்லது என்னோடு ஜென்மத்துக்கும் பேசாமல் போயிருப்பாய். அதனால் ஒன்று சொல்கிறேன், கேட்பதும் கேட்காததும் உன் இஷ்டம். யார் மேலாவது கோபமாக ஒரு இடத்துக்குக் கிளம்பினால், இருப்பதிலேயே மெதுவாகப் போகிற வண்டியைப் பார்த்து ஏறு. சந்தோசமாகப் போனாலும் அப்படியே போ, அது வேறு ருசி. சுலைகா ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் நின்றுகொண்டு கேட்காதே. போனைக் கையில் வைத்துக்கொண்டும் கேட்காதே. உனக்கு என் வேகம் வந்திருக்கிறது, நான் கவனித்தேன். நீ சைக்கிளில் போகும்போதே பெல் அடித்துக்கொண்டேதான் போகிறாய்.

ஊருக்குத் திரும்பிய மூன்றாம் நாள் நான் போடிக்குப் போனேன். பஸ்ஸில். காரணமில்லாமல் நான் போகிறவனில்லை என்பதால் உன் அக்கா கதவைத் திறந்ததும், "என்னத்தா, யாருக்கு என்ன?" என்று பதறினாள். யாருக்கும் ஒன்றுமில்லை என்று உட்கார்ந்தேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் ஒரு கொத்தை எடுத்து உருவிக்கொண்டே, மாத்திரை விசயம் எனக்குத் தெரிந்துவிட்டது என்று சொன்னேன். என்னை மன்னித்துவிடு என்றும் சொன்னேன். அந்த வார்த்தை எனக்குப் பழக்கமில்லாததால் கொஞ்சம் திக்கியது.

அவள் கீரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "சின்னமனூர் தாண்டுற வரைக்கும் சொல்லிப் பாத்தேன்த்தா. நீங்க ஓட்டுன வேகத்துல எனக்கே என் சத்தம் கேக்கல" என்றாள். டீ போட்டுக் கொடுத்தாள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வரை இருந்துவிட்டுக் கிளம்பினேன். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் கூடாது.

போன மாதம் அவளே போன் பண்ணினாள். அம்மாவுக்கு அல்ல, என் நம்பருக்கு. தம்பி நிக்காஹுக்கு நானும் உங்ககூடக் கப்பல்ல வர்றேன், பிள்ளைகள அவுக பாத்துக்கிருவாக, எனக்கும் பெர்மிட் போடச் சொல்லுங்க என்றாள். நீதான் பேப்பரெல்லாம் அனுப்பினாய். அதற்கு இங்கே போலீஸ் சர்டிபிகேட் வேண்டும் என்பதால், நேற்று நானும் அவளும் போடியில் ஸ்டேஷனுக்குப் போனோம். வரிசை இருந்தது. வராந்தா பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். கப்பலில் வைத்து ஏதோ பேசத்தான் அவள் வருகிறாள் என்று எனக்குத் தெரியும். அதற்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அதுவரைக்கும் காத்திருக்கவில்லை. அந்தப் பெஞ்சில், சுவரைப் பார்த்துக்கொண்டே, "நான் டீச்சராகணும்னுதான் படிச்சேன், அது உங்களுக்குத் தெரியுமாத்தா?" என்று ஆரம்பித்தாள். தெரியாது என்றேன். என்ன பாடம் என்று கேட்டேன். கணக்கு என்றாள். அப்புறம் பேசிக்கொண்டே போனாள், பதினோரு வருசத்தையும் ஒவ்வொன்றாக. அரை மணி நேரம் ஆகியிருக்கும், உள்ளேயிருந்து ஏட்டு வந்து எங்கள் பெயரைக் கூப்பிட்டு, "வாங்க, உங்க முறை" என்றார்.

"அடுத்தவங்களப் பாருங்க சார்" என்றேன். "என் மக பேசிக்கிட்டு இருக்கா."

இப்படிக்கு,
உன் அத்தா